பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கி: லைசென்ஸ்காரர் இறந்தபின் வாரிசுக்கு மாற்றுவதா, ஒப்படைப்பதா?

கரிசல்மேடு:

பேரையூர் தாலுகா, சாப்டூர் பக்கம். மூணு ஏக்கர் மானாவாரி, ஒண்ணரை ஏக்கர் கிணத்துப் பாசனம். கடலையும் மக்காச்சோளமும். பட்டாதாரர் தை மாசம் இறந்துட்டார். அவர் பேர்ல ஒத்தக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு, லைசென்ஸ் புத்தகத்தோட இருக்கு. காரணம்ங்கிற இடத்துல "பயிர்ப் பாதுகாப்பு"ன்னு போட்டிருக்கு. கடைசியா 2022-ல புதுப்பிச்சது, அதனால இன்னும் காலம் இருக்கு. மூத்த மகன் மதுரை டவுன்ல வேலை, இளையவர் ஊர்ல இருந்து வெள்ளாமை பார்க்கிறார். துப்பாக்கி சாக்குல சுத்திப் பரண்ல கிடக்கு.

1. இளையவர் பேருக்கு மாத்த முடியுமா? எங்க போகணும், என்னென்ன காகிதம் வேணும்?

2. மாறி வர்ற வரைக்கும் வீட்டுலயே இருக்கலாமா? "அடுத்த எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல வைக்கச் சொல்லுவாங்கல்ல, அப்பச் சொல்லிக்கலாம்"னு ஊர்ல சொல்றாங்க.

3. லைசென்ஸ் வந்துட்டா கடலைக்குள்ள இறங்குற பன்னியைச் சுடலாம்தானே? கேரளாவுல பஞ்சாயத்தே உத்தரவு கொடுக்குதாம். இங்கயும் சுடச் சொல்லிட்டாங்கன்னு டீக்கடையில பேச்சு.

4. "ஒப்படைச்சுட்டு நிம்மதியா இருங்க"ன்னு ஒரு கூட்டம், "அது நம்ம உரிமை, எதுக்கு விடணும்"னு ஒரு கூட்டம். எதைக் கேக்கிறது?

பழைய ஜமாபந்தி:

ரெண்டாவது கேள்வியை முதல்ல எடுத்துக்கிறேன். அதுக்குத்தான் நாள் ஓடிக்கிட்டிருக்கு.

லைசென்ஸ் ஆளுக்குக் கொடுக்கிறது, துப்பாக்கிக்கு இல்லை. புத்தகத்துல 2027 வரைக்கும்னு இருந்தாலும் பெரியவர் கண்ணை மூடின அன்னைக்கே அது முடிஞ்சது. 1959 ஆயுதச் சட்டம் 21-வது பிரிவுப்படி, வச்சிருக்கிறது சட்டப்படி இல்லாமப் போனா, வீணா நாள் கடத்தாம பக்கத்து ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலயோ ஒப்படைக்கணும். தையில இருந்து பரண்ல கிடக்குன்னா, இன்னைக்குத் தேதிக்கு அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதுக்குத் தண்டனை குறைஞ்சது 2 வருஷம், கூடினா 5 வருஷம், அபராதம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. எலெக்‌ஷன் வரைக்கும் காத்திருக்கச் சொல்றவங்க இதை யோசிக்கலை. எலெக்‌ஷன் சமயத்துல ஸ்டேஷன்ல லைசென்ஸ் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரையா கூப்பிடுவாங்க. செத்தவர் பேர் வரும்போது "இத்தனை நாளா எங்க இருந்துச்சு?"ன்னுதான் முதல் கேள்வி வரும்.

துப்பாக்கியை வண்டியில கட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிடாதீங்க. லைசென்ஸ்காரர் உயிரோட இருந்தா, அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோட இன்னொருத்தர் ரிப்பேருக்கோ புதுப்பிக்கவோ எடுத்துட்டுப் போக 3-வது பிரிவுல இடம் உண்டு. இறந்தவர்கிட்ட கடிதம் வாங்க வழி இல்லை. அதனால முதல்ல வெறுங்கையோட போங்க. ஒரு மனு, ரெண்டு பிரதி. இறந்த தேதி, லைசென்ஸ் நம்பர், யு.ஐ.என். நம்பர் (லைசென்ஸ்காரருக்குக் கொடுக்கிற தனி அடையாள எண்), குழல்ல பொறிச்ச நம்பர், துப்பாக்கி இப்ப எந்த இடத்துல இருக்கு, வெடிமருந்து, கேப் (சுத்தியல் அடிச்சதும் மருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி), ரவை (ஈயக் குண்டு) எவ்வளவு மிச்சம், எல்லாத்தையும் எழுதுங்க. இறப்புச் சான்று நகலும் லைசென்ஸ் நகலும் சேருங்க. ஒரு பிரதியில சீல் போட்டு வாங்கிட்டு, "ஆள் அனுப்புறீங்களா, நாங்க எப்படிக் கொண்டு வரணும்?"னு கேளுங்க. பெரும்பாலும் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பிடுவாங்க.

ஒப்படைச்ச ரசீதுல நம்பரை ஒவ்வொரு எழுத்தா லைசென்ஸ் புத்தகத்தோட ஒத்துப் பாருங்க. நாட்டுத் துப்பாக்கியில நம்பர் தேய்ஞ்சு 3-ம் 8-ம் ஒண்ணாத் தெரியும். ரசீதுல ஒரு இலக்கம் மாறினா, அப்புறம் "இது வேற துப்பாக்கி"ன்னு ஃபைல் அப்படியே நிக்கும்.

இப்ப முதல் கேள்வி. 2016 ஆயுத விதிகள்ல 25-வது விதி வாரிசுக்குன்னே இருக்கு. லைசென்ஸ்காரர் இறந்தா வாரிசுக்குக் கொடுக்கலாம். அவர் உயிரோட இருக்கும்போதே 70 வயசு முடிஞ்சாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வச்சிருந்தாலோ வாரிசு பேருக்கு மாத்திக் கொடுத்திருக்கலாம். இதைப் படிக்கிற மத்தவங்க வீட்டுல அந்த வயசுல பெரியவர் இருந்தா இப்பவே பாருங்க, பாதி வேலை குறையும்.

இளையவர் பேர்லயே போடுங்க. ஊர்ல குடியிருந்து ஊர்லயே வெள்ளாமை செய்றவர்னா கலெக்டர் ஆபீஸோட முடியும். மூத்தவர் பேர்ல போட்டா, குடியிருப்பு மதுரை மாநகர எல்லைக்குள்ள, அது போலீஸ் கமிஷனர் அதிகாரம், நிலம் கலெக்டர் எல்லை. ரெண்டு பக்கமும் அலையணும்.

காகிதம்: ஏ-1 படிவம் (லைசென்ஸ் விண்ணப்பம்), இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஆட்சேபணை இல்லைங்கிற பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வயசு, இருப்பிடச் சான்று, உடல் மன நலத்துக்கு டாக்டர் சான்று, பாதுகாப்பாக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று, வீட்டுல எப்படிப் பூட்டி வைப்போம்ங்கிற உறுதிமொழி, ஸ்டேஷன் ரசீது. வயசு 21 ஆகியிருக்கணும். அப்புறம் போலீஸ் அறிக்கை, தாசில்தார் அறிக்கை.

எங்க சிக்கும்னா, பட்டா இன்னும் இறந்தவர் பேர்லயே இருக்கும். வாரிசுச் சான்றுல அம்மா, கட்டிக் கொடுத்த அக்கா தங்கச்சி பேர் எல்லாம் இருக்கும், ஆட்சேபணைப் பத்திரத்துல அண்ணன் தம்பி கையெழுத்து மட்டும் இருக்கும். அடங்கல்ல அந்த சர்வே நம்பருக்கு "தரிசு"ன்னு விழுந்திருக்கும். கடைசியா சொன்னதுதான் ஆளைக் கவுக்கும். பயிரே இல்லாத நிலத்துக்குப் பயிர்ப் பாதுகாப்பு எதுக்குன்னு ஒரே வரியில திருப்பிடுவாங்க. மனு போடுறதுக்கு முன்னாடி வி.ஏ.ஓ.கிட்ட அடங்கலைச் சரி பார்த்துக்கங்க.

மறுத்தா எழுத்துல காரணம் கேளுங்க, ஆயுதச் சட்டம் 14-வது பிரிவு அதுக்கு வழி வச்சிருக்கு. "போதுமான சொத்து இல்லை"ங்கிறதை மட்டும் காரணமாச் சொல்லி மறுக்க முடியாதுன்னும் அதே பிரிவு சொல்லுது. 30 நாளுக்குள்ள மேல்முறையீடு. அதுலயும் நடக்கலைன்னா ஒத்தக்கடை ஐகோர்ட் கிளை.

யாருக்கும் வேண்டாம்னா ஸ்டேஷன்ல இருந்தபடியே கடைக்கோ வேற லைசென்ஸ்காரருக்கோ விக்கலாம். ஒண்ணும் செய்யாம விட்டா, குறிச்ச காலம் கழிச்சு அரசுடைமை ஆக்கிடுவாங்க.

மேற்குச்சாரல்:

மூன்றாவது கேள்விக்கு நேரடிப் பதில்: சுட முடியாது. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் முடியாது.

இதில்தான் நம் பக்கத்து விவசாயிகள் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். ஆயுதச் சட்டம் துப்பாக்கியை வைத்திருக்க அனுமதி தருகிறது, எந்த விலங்கைச் சுடலாம் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது, 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல 11-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ காரணம் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்குக் கொன்றால் குற்றமில்லை. அந்தச் சலுகை மனித உயிருக்குத்தான், கடலைச் செடிக்கு இல்லை. எப்படிச் செத்தாலும் பன்றி அரசின் சொத்து. கறியைக் கூறு போட்டுப் பிரித்தால் வாங்கியவர் பேரும் வழக்கில் சேரும்.

அனுமதியில்லாமல் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலய எல்லைக்குள் நடந்தால் குறைந்தபட்சமே 3 ஆண்டு. துப்பாக்கி பறிமுதல். லைசென்ஸை ரத்து செய்து 5 ஆண்டுக்குப் புதிதாகப் பெற முடியாதபடி ஆக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

டீக்கடைப் பேச்சுக்கு வருவோம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது இது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள். விவசாயியின் துப்பாக்கிக்கு அந்த ஏற்பாட்டில் எந்த இடத்திலும் வேலை இல்லை. விவசாயி செய்ய வேண்டியது மனு கொடுப்பது மட்டும்தான். மனுவில் சர்வே நம்பர், பயிர், சேதமான பரப்பு, காட்டு எல்லையிலிருந்து தூரம், குளம்புத் தடமும் கிளறிய மண்ணும் தெரிகிற படங்கள் இருந்தால் ஆய்வுக்கு வருகிறவருக்கு வேலை சுலபம்.

கேரளத்தில் நடப்பது வேறு. 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் அதிகாரம் கொடுத்தார்கள். அங்கேயும் பட்டியலில் உள்ள லைசென்ஸ்காரர்தான் சுடலாம். குமுளி தாண்டினால் அரசு உத்தரவு மாறுகிறது, அதை இந்தப் பக்கம் இழுத்துவர முடியாது.

இன்னொன்று, ஜமாபந்தி ஐயா சொல்லாமல் விட்டது. சாப்டூர் காடு சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தது, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். வனவிலங்குச் சட்டம் 34-வது பிரிவு. ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்களும் அவரிடம் பெயரைப் பதிய வேண்டும். வாரிசுக்குக் கொடுப்பதையும் அலுவலகம் புது லைசென்ஸாகவே எடுத்துக்கொண்டால், ஃபைல் வனத்துறைக்கு ஒரு சுற்றுப் போய்த்தான் வரும். பெரியவர் பதிவு செய்திருந்தாரா என்று பழைய காகிதங்களைத் தேடிப் பாருங்கள், இருந்தால் நகல் இணையுங்கள். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியைக் காட்டி இதே சந்தேகத்தைக் கேட்பவர்கள் உண்டு. அது 2022-இல் அறிவித்த பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், சரணாலயம் இல்லை. அங்கே இந்த 10 கிலோமீட்டர் கணக்கு வராது.

குழலும் கட்டையும்:

சட்டம் எல்லாம் சரிண்ணே. அந்தப் பரண்ல கிடக்கிறது காலியா, கெட்டிச்சிருக்கா? அதை யாருமே கேக்கலையே.

தோட்டாப் போடுற பன்னிரண்டு போர் (12 bore) ரகத் துப்பாக்கின்னா மடக்கிப் பார்த்தாத் தெரிஞ்சிரும். வாய் வழியா இடிச்சுக் கெட்டிக்கிற துப்பாக்கியில வெளியே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. கேப் இல்லைன்னா காலின்னு நினைப்பாங்க. கேப்பைக் கழட்டிட்டு உள்ள கெட்டிச்சதை அப்படியே வச்சிருக்கிறது பழைய ஆளுங்க பழக்கம், ராத்திரி அவசரத்துக்குக் கேப் மட்டும் மாட்டினாப் போதும்னு. கருமருந்து ஈரம் படாம இருந்தா எத்தனை வருஷமானாலும் பத்தும். பரண் வேற, அடுப்புச் சூட்டுல நல்லாக் காய்ஞ்சு கிடக்கிற இடம்.

பார்க்கிற முறை இதுதான். வீட்டுல பிள்ளைகளை வெளிய அனுப்பிட்டு, துப்பாக்கியைப் படுக்க வச்சபடியே, வாயை ஆளில்லாத பக்கம் மண்சுவரைப் பார்த்துத் திருப்புங்க. துப்பாக்கியோட சுத்தியலைத் தூக்காதீங்க, விசையைத் தொடாதீங்க. கேப் இருந்தா அங்கேயே நிறுத்திருங்க, மேற்கொண்டு ஸ்டேஷன் ஆள்தான். கேப் இல்லைன்னா, நேரான மூங்கில் குச்சி ஒண்ணைப் பக்கவாட்டுல நின்னு, குழல் வாய்க்கு நேரா முகமோ உள்ளங்கையோ வராம, மெதுவா உள்ள விடுங்க. குத்தக் கூடாது. நின்ன இடத்துல குழல் வாய் மட்டத்துக்குக் குச்சியில பேனாவால ஒரு கோடு. வெளிய எடுத்து, கோட்டை வாய்க்கு ஒட்டி வச்சுக் குழல் மேலயே படுக்க வையுங்க. குச்சி நுனி கேப் உக்காருற முனைக்கு நேரா வந்துச்சுன்னா காலி. மூணு நாலு விரக்கடை முன்னாடியே நின்னுச்சுன்னா உள்ள ஏதோ இருக்கு. துருவோ குளவிக் கூடோ கூட இருக்கலாம், ஆனா கெட்டிச்சிருக்குன்னே வச்சுக்கங்க. இரும்புக் கம்பி வேண்டாம், மூங்கில்தான்.

செய்யக் கூடாதது: "ஒரு தடவை வெடிச்சுக் காலி பண்ணிடலாம்"ங்கிறது. உள்பக்கம் துரு எங்க முதல்ல தின்னும்னா, மருந்துச் சாம்பல் தங்குற அடிப்பகுதியில. வெடிக்கும்போது முழு அழுத்தமும் விழுறது அதே இடத்துலதான். குழல் அங்க பிளந்தா, தாங்கிப் பிடிச்ச இடது கையைக் கொண்டு போயிரும். தண்ணி ஊத்தி நனைச்சுட்டா அணைஞ்சிரும்ங்கிறதும் நம்ப முடியாது. மேல தக்கை இறுக்கமா இருந்தா அடியில மருந்து நனையவே நனையாது.

மிச்ச மருந்தையும் கேப்பையும் ஒரே டப்பாவுல போட்டு வைக்காதீங்க. அடுப்புல கொட்டாதீங்க. மனுவுல எழுதி அதையும் சேர்த்தே ஒப்படைங்க.

ஸ்டேஷன்ல வச்சா ஒரு குறை, ஸ்டோர் ரூம் ஈரத்துல வருஷக் கணக்காக் கிடந்து துரு ஏறும். திரும்ப வாங்குற எண்ணம் இருந்தா லைசென்ஸ் கடையில வைங்க. மாச வாடகை உண்டு, எண்ணெய் போட்டு வைப்பாங்க.

ரேஞ்ச் பத்து மீட்டர்:

எல்லாரும் ஒப்படைக்கிற கதையே சொல்றீங்க. நாலாவது கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கு.

லைசென்ஸ் வாங்கி, பயிற்சிச் சான்று வாங்கி, எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஸ்டேஷன்ல வச்சு எடுக்கிறவன் தப்புப் பண்றதில்லை. நாட்டுல துப்பாக்கிக் குற்றம் பெரும்பகுதி லைசென்ஸ் இல்லாத கள்ளத் துப்பாக்கியில நடக்குது. 2018-ல வந்த ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பீட்டுல, இந்தியாவுல பொதுஜனங்க கையில சுமார் 7.1 கோடி துப்பாக்கி, அதுல பதிவானது 97 லட்சம். சட்டத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது அந்த 97 லட்சத்தைத்தான் இறுக்கும். 2019-ல ஒருத்தருக்கு 3-ன்னு இருந்ததை 2 ஆக்கினாங்க. மூணாவதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் யாரு? ஒழுங்கா லைசென்ஸ் வச்சிருந்தவன்.

வெள்ளைக்காரன் 1878-ல ஆயுதச் சட்டம் போட்டது நம்ம கையைக் கட்டத்தான். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்துல அடிப்படை உரிமைகள் பட்டியல்லயே, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வச்சுக்கிற உரிமை இருந்துச்சு. சுதந்திரம் வந்ததும் அதை விட்டுட்டாங்க. குடகுக்காரங்களுக்கு மட்டும் லைசென்ஸ் வாங்குறதுல இருந்து இன்னும் விலக்கு இருக்கு, 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. கூட்டமா கேட்டா கிடைக்குது, மானாவாரிக்காரன் ஒத்தையாக் கேட்டாக் கிடைக்கலை.

வைகை தென்கரை:

ரேஞ்ச் பத்து சார், கராச்சி வரைக்கும் சரி. அதற்கு அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். அரசியல் நிர்ணய சபையில் ஆயுத உரிமையைச் சேர்க்கச் சொல்லி எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. மறந்துபோய் விட்டதில்லை, பேசித் தள்ளினார்கள். இன்றைக்கு அரசியலமைப்பில் "ஆயுதம்" என்ற சொல் உரிமைகள் பகுதியில் வருகிற இடம் 19(1)(ஆ): ஆயுதமின்றி, அமைதியாகக் கூடும் உரிமை. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா அமர்வு லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பெருகுவதைத் தானாகவே கையில் எடுத்தபோதும் இதைத்தான் சொன்னது: அமெரிக்காவில் அடிப்படை உரிமை, இங்கே இல்லை.

அமெரிக்கா என்றதும் அங்கே எல்லாம் திறந்து கிடக்கிறது என்று நினைப்பதும் சரியில்லை. 1791-இல் வந்த இரண்டாம் திருத்தம் தனிமனிதரின் உரிமைதான் என்று அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னதே 2008 ஹெல்லர் வழக்கில், 5-க்கு 4. அதே தீர்ப்பு, இது எல்லையற்ற உரிமை அல்ல என்றும் எழுதியது. நம் கேள்விக்கு நெருக்கமானது 2022 ப்ரூவன் வழக்கு. நியூயார்க்கில் துப்பாக்கியை வெளியே கொண்டு போகத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்று நூறாண்டுப் பழைய சட்டம் இருந்தது. அதை 6-க்கு 3 என்று தள்ளினார்கள். உரிமை என்றால் காரணம் கேட்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். நம் ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு முழுக்க நிற்பதே காரணத்தில்: பயிர், பாதுகாப்பு, விளையாட்டு. காரணம் போனால் லைசென்ஸ் போச்சு. இரண்டு நாட்டுக்கும் அடிப்படை வித்தியாசம் அந்த ஒரு சொல்லில்தான். 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காகத் தடையாணை விதிக்கப்பட்டவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதை அதே நீதிமன்றம் 8-க்கு 1 என்று ஏற்றது. அங்கேயும் கோடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கள்ளத் துப்பாக்கிதான் பிரச்சினை என்பது நம் நாட்டளவில் சரி. ஆனால் வீட்டில் துப்பாக்கி இருப்பதால் வரும் சாவு எல்லாமே குற்றவாளி கையால் வருவதில்லை. அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830. அதில் தற்கொலை 26,328. பாதிக்கு மேல். அத்தனையும் கள்ளத் துப்பாக்கி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் மனநலச் சான்றும் பூட்டி வைக்கும் உறுதிமொழியும் கேட்கிறார்கள். சடங்குக்கு வாங்குகிற காகிதமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களோடு ஒத்துப்போகிற இடமும் உண்டு. லைசென்ஸ் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரிக்கு அதிகாரி மாறுகிறது. ஒருவருக்குப் பொருந்தும் காரணம் பக்கத்துத் தோட்டக்காரருக்குப் பொருந்துவதில்லை. அது நியாயமான புகார். ஆனால் அதற்கு மருந்து மேல்முறையீடு, அடிப்படை உரிமை என்ற பேச்சு அதில் உதவாது.

ரேஞ்ச் பத்து மீட்டர்:

"உதவாது"ன்னு ஒரே வெட்டா வெட்டாதீங்க. தற்காப்பு உரிமை சட்டத்துலயே இருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா (இப்ப இருக்கிற குற்றவியல் சட்டம்) 34-ல இருந்து 44 வரைக்கும். ராத்திரி தோட்டத்து வீட்டுல தனியா இருக்கிறவனுக்கு அந்த உரிமையைக் காப்பாத்த ஒரு கருவி வேணும்கிறதுதான் என் வாதம்.

வைகை தென்கரை:

இருக்கிறது. ஆனால் அளவோடு. சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம் என்பது 41-வது பிரிவில் சொன்ன சில நிலைமைகளில் மட்டும்: கொள்ளை, பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சும்படியான திருட்டு. தேங்காய் திருடுகிறவனைச் சுட்டுவிட்டு இந்தப் பிரிவைக் காட்ட முடியாது. மக்காச்சோளத்துக்குள் சலசலப்பு கேட்டு இருட்டில் ரவையை விட்டால், அங்கே குனிந்திருந்தது பன்றியா, தண்ணீர் திருப்ப வந்த பக்கத்துத் தோட்டக்காரரா என்பது விடிந்தால்தான் தெரியும்.

கரிசல்மேடு:

எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் காலையில மனுவோட ஸ்டேஷனுக்குப் போறாங்க. லைசென்ஸுக்குப் போடுறதா வேண்டாமாங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்காங்க. சுட முடியாதுன்னா எதுக்கு அலையணும்னு இளையவரே கேக்கிறார். ரெண்டு விஷயம் மட்டும். பன்னிக்கு வேற என்ன செய்யலாம்? கரண்ட் வேலி வேண்டாம்னு தெரியும். அடுத்து, மூங்கில் குச்சி விட்டுப் பார்த்தாச்சு. கேப் இல்லை. கோட்டுக்கும் முனைக்கும் நடுவுல நாலு விரக்கடை குறையுது.

மேற்குச்சாரல்:

லைனில் இருந்து நேராக இழுக்கும் கரண்ட் வேலியும் அவுட்டுக்காயும் (இரைக்குள் வைக்கும் வெடி) ஆளையும் மாட்டையும் சேர்த்துக் கொல்லும், இரண்டும் சிறைக்குப் போகும் வழி. சோலார் வேலி வேறு. எனர்ஜைசர் (கம்பிக்குக் கரண்ட் விடும் பெட்டி) வினாடிக்கு ஒரு துடிப்பாக, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக விடுகிறது. சுள்ளென்று அடிக்கும், பிடித்து வைக்காது. வேளாண் பொறியியல் துறையில் மானியம் கேட்டுப் பாருங்கள். காப்புக்காட்டை ஒட்டிய இடம் என்பதால் 2023 மின்வேலி விதிகளின்படி வனத்துறை அனுமதியும் பதிவும் வாங்கியபின் போடுங்கள்.

பன்றிக்குப் போடுகிற வேலியில் அடிக்கம்பிதான் வேலி. தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. போனால் மூக்கைக் கொடுத்துத் தூக்கிவிட்டுக் கீழே நுழைந்துவிடும். இரண்டாவது கம்பி அதற்கு மேல் இன்னொரு சாண். ஆடி மழைக்குப் பிறகு வேலி வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் தோட்டத்தில் போய்ப் பார்த்தால், கோரையும் அருகும் அடிக்கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கரண்ட் அத்தனையும் புல் வழியாக மண்ணுக்குப் போய்விடும். இரு பக்கமும் ஒரு முழம் செதுக்கியே வைத்திருக்க வேண்டும். கோடையில் கரிசல் மண் வெடித்துக் காயும்போது எர்த் கம்பி பிடிப்பதில்லை. குறைந்தது மூன்று கம்பி, ஈரம் தங்குகிற கிணற்று மேட்டுப் பக்கம் ஆழமாக இறக்குங்கள். கடலை காய் பிடிப்பதற்கு முன்பே வேலியில் கரண்ட் ஓட வேண்டும். ஒருமுறை ருசி கண்டபிறகு போட்டால் அடியையும் பொறுத்துக்கொண்டு உள்ளே வரும்.

குழலும் கட்டையும்:

அண்ணே, நாலு விரக்கடைன்னா மருந்து, தக்கை, ரவை, மேல் தக்கை எல்லாம் சேர்ந்த கணக்கு அப்படியே வருது. துருவா இருந்தா இவ்வளவு உசரம் நிக்காது. இனி யாரும் தொட வேண்டாம். குச்சியைத் திரும்ப விட வேண்டாம், திருகாணி வச்சுத் தக்கையைப் பிடுங்குறேன்னு யாராவது ஊர்ல கிளம்பினா விடாதீங்க. இப்ப எந்தப் பக்கம் வாய் வச்சுப் படுத்திருக்கோ அப்படியே கிடக்கட்டும். திரும்பப் பரண்ல ஏத்தாதீங்க. அந்த ரூமைப் பூட்டிச் சாவியைப் பெரியவங்க ஒருத்தர் இடுப்புல வச்சுக்கட்டும். மனுவுல துப்பாக்கி நம்பருக்குக் கீழேயே தனி வரியா எழுதுங்க: "உள்ளே மருந்து கெட்டித்த நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. காலி செய்யத் தெரிந்த ஆயுதப் பிரிவு ஆளை அனுப்பவும்." மனு வாங்குறவர் கையில கொடுக்கும்போது அந்த வரியை வாயாலயும் சொல்லுங்க.